சாகாவரம் பெற்ற கேப்டனுக்குக் காயலிலிருந்து ஒரு வாழ்த்து

தான் நடித்த பாத்திரத்தின் மேல் பாசம் முற்றிப்போனால் நம் பக்கத்து நடிகர் கட்சி தொடங்குவார். கொடி, சின்னம், மாநாடு, கூட்டணி என்று அவருக்கும் அலைச்சல், ஜனங்களுக்கும் அலைச்சல். கனடாவில் பிறந்த வில்லியம் ஷாட்னர் யாரையும் அப்படித் தொந்தரவு செய்யவில்லை. நாவல் எழுதினார். ஒன்றோடு நிறுத்திக்கொள்ளும் கஞ்சத்தனமும் அவரிடம் இல்லை. 1995 முதல் 2007 வரை ‘ஸ்டார் ட்ரெக்’ நாவல்கள் மட்டும் பத்து. பத்துக்கும் ஒரே நாயகர், கேப்டன் ஜேம்ஸ் கர்க். அதாவது அந்தப் பெயரில் வந்த தொலைக்காட்சித் தொடரில் ஷாட்னரே நடித்த பாத்திரம். இந்தத் தன்னலமற்ற தொண்டுக்குத் தமிழ்நாடு இன்னும் நன்றி சொல்லாமல் இருப்பது நம் பண்பாட்டுக்கு அழகல்ல.

அந்தக் கடனைத் தீர்க்கக் காயல்பட்டினத்துக்காரனுக்கு ஒரு தனித் தகுதி உண்டு. எங்கள் ஊருக்குள் சினிமா தியேட்டர் கிடையாது. படம் பார்க்க வேண்டுமென்றால் திருச்செந்தூருக்கோ தூத்துக்குடிக்கோ பஸ் ஏற வேண்டும். ஆகவே வீட்டுக்குள் நுழைந்த தொலைக்காட்சிப் பெட்டியை நாங்கள் பார்த்த பார்வையே வேறு. எண்பதுகளில் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் தூர்தர்ஷனில் ஸ்டார் ட்ரெக் வந்தது. அமெரிக்காவில் 1966 செப்டம்பரில் தொடங்கி 1969இல், 79 அத்தியாயங்களோடு, போதும் என்று இழுத்து மூடப்பட்ட தொடர். அது இங்கே வந்து சேர்வதற்குள் ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. இருந்தால் என்ன, ஆன்டெனாவைத் திருப்பத் திருப்பப் புள்ளி புள்ளியாய்த் தெரிந்த அந்த விண்கப்பலும், நாற்காலியில் சாய்ந்தபடி வாக்கியத்தை நடுநடுவே ஒடித்துப் பேசும் அந்தக் கேப்டனும் மனதில் ஒட்டிக்கொண்டார்கள். இங்கிலீஷ் பாதி புரியவில்லை. கேப்டன் எப்போது சட்டை கிழியச் சண்டை போடுவார் என்பது மட்டும் எல்லோருக்கும் புரிந்தது.

அப்பேர்ப்பட்டவரை 1994 நவம்பரில் கொன்றார்கள். ‘ஜெனரேஷன்ஸ்’ என்ற படம். முதலில் எடுத்த காட்சியில் வில்லன் முதுகில் சுட, கர்க் சாய்கிறார். வெள்ளோட்டம் பார்த்தவர்கள் முகம் சுளித்தார்கள். படக்குழு மறுபடி நெவாடா பாலைவனத்துக்குப் போய், இரும்புப் பாலம் ஒன்று சரிந்து அதன் அடியில் அவர் நசுங்குவதாக எடுத்துக்கொண்டு வந்தது. அடுத்த தலைமுறைக் கேப்டனான பிக்கார்ட், மலை உச்சியில் கல்லை அடுக்கி அவரை அடக்கம் செய்கிறார். ஒரு மனிதனை இரண்டு விதமாகக் கொன்று பார்த்தும் இரண்டும் சரியாக அமையவில்லை என்றால், அவன் சாகவே கூடாது என்பதுதானே அதற்கு அர்த்தம்? உலகத்தில் இந்தக் குறிப்பைச் சரியாகப் புரிந்துகொண்டவர் ஒரே ஒருவர்தான். தன் பாத்திரத்தைத் தன் கையாலேயே தூக்கி நிறுத்தும் பொறுப்பை அவர் ஏற்றுக்கொண்டார்.

முதல் நாவல் ‘தி ஆஷஸ் ஆஃப் ஈடன்’ அடுத்த ஆண்டே வந்துவிட்டது. சாவுக்கு முந்தைய காலத்தில் நடக்கும் கதை. கர்க்குக்கு வயதாகிவிட்டது, பதவி போகப்போகிறது, உலகம் அவரை மறந்துகொண்டிருக்கிறது. அப்போது டெய்லானி என்ற இளம் அழகி வருகிறாள். அவளுக்கு இந்த அண்டத்தில் வேறு யாரும் வேண்டாம், ஓய்வுபெறும் நிலையிலுள்ள இந்தக் கேப்டன்தான் வேண்டும். போதாததற்கு அவளுடைய கிரகத்தில் இளமை திரும்புமாம். நூல் வெளியானபோது ஆசிரியருக்கு 64 வயது. தன் அனுபவத்தை மறைக்காமல் எழுதுவதுதான் இலக்கியம் என்று நம் விமர்சகர்கள் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார்கள். இங்கே ஒருவர் தன் ஆசையையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அந்த நேர்மைக்கு எழுந்து நின்று கைதட்ட வேண்டும்.

ஆனால் என் வாழ்த்தில் முக்கால் பங்கு இரண்டாவது நாவலுக்கு. 1996இல் வந்த ‘தி ரிட்டர்ன்’. பிக்கார்ட் அடுக்கிய கற்களை விலக்கி, உள்ளே கிடந்த உடலை எடுத்துக்கொண்டு போகிறார்கள். கபரைத் தோண்டுவதை எங்கள் பக்கம் நல்ல காரியமாக நினைப்பதில்லை. அது எங்கள் குறுகிய மனம். இந்தக் கதையில் தோண்டுவதற்குத் தகுந்த காரணம் இருக்கிறது. ராமுலன் என்ற பகை இனத்தாரும், மனிதனையும் இயந்திரத்தையும் பிசைந்து வைத்த போர்க் என்ற கூட்டமும் கைகோத்து, இருப்பதிலேயே உயர்ந்த தொழில்நுட்பத்தை எல்லாம் கொட்டி அந்த உடலுக்கு உயிர் தருகிறார்கள். எதற்கு? பிக்கார்டைக் கொல்வதற்கு. அண்டம் முழுக்க எத்தனையோ கூலிப்படை இருக்க, செத்துப்போன ஒருவரை எழுப்பித்தான் அந்த வேலையைக் கொடுக்க வேண்டும் என்று இரண்டு பேரரசுகள் முடிவு செய்கின்றன. கதாநாயகனுக்கு இதைவிட மரியாதை செய்த எதிரிகளை நான் எந்த மொழியிலும் படித்ததில்லை. எம்.ஜி.ஆர். பட நம்பியார்கூட இவ்வளவு மதித்ததில்லை.

கதை முடியும்போது போர்க் கூட்டத்தின் தலைமை உலகத்தை அழிக்க யாராவது ஒருவர் உயிரைக் கொடுத்தாக வேண்டும். கர்க்கும் பிக்கார்டும் நான், நீ என்று நிற்கிறார்கள். யார் போனார் என்று சொல்லி உங்கள் ஆவலைக் கெடுக்க மாட்டேன்; ஆசிரியர் யார் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆக, ஒரு நாவலுக்குள் உயிர்த்தெழுதலும் தியாக மரணமும் அடங்கிவிட்டன. படத்தில் நசுங்கிச் செத்தவருக்கு இப்போதுதான் தகுதியான சாவு கிடைத்தது என்று வாசகர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். 1997இல் மூன்றாவது நாவல் வருகிறது. கர்க் உயிரோடு இருக்கிறார். துடைத்த கண்ணீரை என்ன செய்வது என்பதைப் பற்றி முன்னுரையில் ஒன்றும் இல்லை.

அதன்பிறகு வந்த மூன்று நாவல்களில் எதிரி யார் தெரியுமா? இணை உலகத்தில் வாழும் இன்னொரு கர்க். பேரரசன் டைபீரியஸ். வீரத்தில் கர்க்குக்கு நிகர், தந்திரத்திலும் கர்க்குக்கு நிகர். ஒரே ஆள் இருவராக வருவதை 1958லேயே ‘நாடோடி மன்னன்’ இரட்டை வேடத்தில் பார்த்துவிட்ட நமக்கு இது புதிதல்லதான். ஆனால் அங்கே ஒன்று மன்னன், ஒன்று நாடோடி, நல்லவர்கள் இருவரும். வில்லனை வெளியிலிருந்துதான் அழைக்க வேண்டியிருந்தது. ஷாட்னர் அந்தச் செலவையும் மிச்சப்படுத்தினார். தனக்கு ஈடான பகைவன் தன்னைத் தவிர எங்கே கிடைப்பான் என்று அவர் யோசித்திருக்க வேண்டும். அடக்கமுள்ளவர்களுக்குத்தான் இந்த யோசனை வரும்.

அட்டைக்கு வருகிறேன். அட்டையில் ஷாட்னரின் பெயர் தூரத்திலிருந்தே தெரியும். கூடவே எழுதிய ஜூடித், கார்ஃபீல்ட் ரீவ்ஸ்-ஸ்டீவன்ஸ் என்ற தம்பதியின் பெயருக்குப் பக்கத்தில் போக வேண்டும். இவர்கள் சும்மா ஆட்கள் இல்லை. ‘பிரைம் டைரக்டிவ்’, ‘ஃபெடரேஷன்’ என்று ஸ்டார் ட்ரெக் வாசகர்கள் இன்றும் விடாமல் பேசும் நாவல்களைத் தங்கள் பெயரிலேயே எழுதியவர்கள். பின்னாளில் ‘எண்டர்பிரைஸ்’ தொலைக்காட்சித் தொடரின் எழுத்தாளர் குழுவிலும் சேர்ந்தார்கள். 1994இல் வந்த ‘ஃபெடரேஷன்’ நாவலில் கர்க்கின் காலமும் பிக்கார்டின் காலமும் ஒரே கதைக்குள் பின்னி வருகின்றன. அதற்காக எந்தக் கபரையும் தோண்டவில்லை. அந்த நாவலின் குறையே அதுதான் என்று நினைக்கிறேன்: கர்க் அதில் தேவையான அளவுக்கு மட்டும் வருகிறார்.

‘தி ரிட்டர்ன்’ பிரதி எனக்குக் கிடைத்தது ஹாங்காங்கில் கல் வியாபாரம் செய்யும் சாச்சா மகன் வழியாக. விமானத்தில் படிக்க வாங்கியது. இறங்கியதும் என் தலையில் கட்டிவிட்டான். “எப்படிடா இருக்கு?” என்றேன்.

“பளபளப்பு நல்லா இருக்கு காக்கா. துளைக்குள்ள லென்ஸ் வெச்சுப் பாத்தா கோடு தெரியும்.”

முத்து வியாபாரிகளின் பேச்சு அது. இந்தக் கரையில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மன்னார் வளைகுடாப் பார்களில் ஆள் இறங்கி முத்துச்சிப்பி எடுக்கும் பெரிய குளிப்பு 1961ஓடு நின்றுபோனது. 1973இல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த அழகர்சாமி, தூத்துக்குடிக்குப் பக்கத்தில் வேப்பலோடையில், வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டினார். அந்த வேலை நுணுக்கமானது. உயிருள்ள சிப்பியை லேசாகத் திறந்து, உள்ளே சின்னதாகக் கீறி, சிப்பி ஓட்டிலிருந்து கடைந்த ஒரு மணியைச் செருகுவார்கள். கூடவே வேறொரு சிப்பியின் மேலுறையிலிருந்து வெட்டிய துணுக்கு ஒன்றை அந்த மணியைத் தொட்டபடி வைப்பார்கள். அந்தத் துணுக்குத்தான் பையாக வளர்ந்து மணியைச் சுற்றி முத்துப்பூச்சைப் படியவைக்கும். துணுக்கைக் கொடுத்த சிப்பி பிழைக்காது. அதன் பெயரை யாரும் கேட்பதும் இல்லை. விளைந்த முத்தில் துளையிட்டு, துளை வாயில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் மணி எங்கே முடிகிறது, பூச்சு எங்கே தொடங்குகிறது என்ற கோடு தெரியும். பூச்சு தடிமனாக இருந்தால் நல்ல விலை. மெல்லிசு என்றால் கொஞ்ச நாளில் தேய்ந்து உள்ளே இருக்கும் மணி பல்லிளிக்கும்.

என் சாச்சா மகன் சொன்ன கோட்டை நானும் பார்த்தேன். அரசியல் நுணுக்கம், விண்வெளிப் பொறியியல், பழைய அத்தியாயம் ஒன்றில் யாரும் கவனிக்காத ஒரு சங்கதியைப் புதுக்கதையில் கோத்துவிடும் சாமர்த்தியம் எல்லாம் ஒரு பக்கம். அது பூச்சு, கொஞ்சம் தடிமனான பூச்சுதான், மறுக்கவில்லை. மறுபக்கம், அறைக்குள் கர்க் நுழைந்ததும் பேச்சு நிற்பதும், நூற்று நாற்பது வயதைத் தாண்டிய பழைய கப்பல் தோழர் டாக்டர் மக்காயிலிருந்து நேற்று வந்த சிப்பந்தி வரை அவரை எண்ணிக் கலங்குவதும். அது மணி. எந்த வரியை யார் எழுதினார் என்று எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். உழைப்பைப் பிறருக்கு விட்டுக்கொடுத்து, பெயரை மட்டும் தான் சுமக்க முன்வரும் மனம் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

உரிமையாளர்களையும் பாராட்டாமல் விடக்கூடாது. ஸ்டார் ட்ரெக் உலகத்தில் ஒரு ஏற்பாடு உண்டு: திரையில் வந்தது நடந்தது; நாவலில் வந்தது நடக்கவில்லை. கையெழுத்தும் முத்திரையும் போட்டு, காசை வாங்கிக்கொண்டு, அனுமதித்த கதையைத் தாங்களே நம்பாமல் இருப்பதற்கு ஒரு மன உறுதி வேண்டும். ஷாட்னரின் நாவல்களில் கர்க் எழுந்தார், கல்யாணம் செய்தார், ஒரு பிள்ளைக்குத் தகப்பனும் ஆனார். 2023இல் ‘பிக்கார்ட்’ தொடரின் மூன்றாவது பருவத்தில் ஒரு ரகசியக் கிடங்கைக் காட்டுகிறார்கள். அதற்குள் பத்திரப்படுத்தி வைத்த பொருட்களில் ஒன்று கர்க்கின் உடல். கண் சிமிட்டினால் தவறவிடும் காட்சி. பிள்ளை குட்டியோடு வாழ்ந்த மனிதர் அங்கே சரக்கோடு சரக்காகக் கிடக்கிறார். பத்து நாவல் படித்த வாசகரைப் பார்த்து, தம்பி, நீ படித்தது எதுவும் நடக்கவில்லை, பணம் மட்டும் செலவானது என்று இவ்வளவு நயமாகச் சொன்னவர்கள் வேறு யாரும் இல்லை.

செத்தவரை உயிருள்ளவர்போல் காட்டும் கலையில் எங்கள் ஊருக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. 1816இல் காயல்பட்டினத்தில் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம், இமாமுல் அரூஸ் என்று மதிக்கப்படுபவர், ‘மதீனத்துன் நுஹாஸ்’ என்ற செம்புப் பட்டணத்துக் கதையை அரபுத்தமிழில் எழுதிவைத்தார். 1858 என்று ஆண்டு சொல்வார்கள். தமிழின் முதல் நாவல் அதுதான் என்று வாதிடுபவர்களும் உண்டு. அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. ஆயிரத்தோரு இரவுகளில் அந்தக் கதை இப்படிப் போகும். சுலைமான் நபி ஜின்களை அடைத்து முத்திரையிட்ட செம்புக் குடங்களைத் தேடி ஒரு கூட்டம் பாலைவனத்தில் கிளம்புகிறது. வழியில் பித்தளையில் செய்த குதிரைவீரன் ஒருவன். தேய்த்தால் திரும்பி வழி காட்டுவான். கடைசியில் பட்டணத்துக்குள் நுழைந்தால் கடையில் வியாபாரி, வாசலில் காவலன், எல்லோரும் இருந்த இடத்தில் இருந்தபடி செத்துக்கிடக்கிறார்கள். உள்ளே மஞ்சத்தில் ஓர் அரசி. கண் மினுங்குகிறது, இமை அசைகிறதுபோல் இருக்கிறது. வந்தவர்கள் சலாம் சொல்கிறார்கள், பதில் இல்லை. பிறகுதான் தெரிகிறது, அவளும் மையத்துதான். கண்ணைத் தோண்டி அடியில் பாதரசம் ஊற்றி மறுபடி பொருத்தியிருக்கிறார்கள். அவள் மேல் கிடக்கும் நகைக்கு ஆசைப்பட்டுக் கை வைத்தவனின் தலையை இரு பக்கமும் நின்ற பொம்மைக் காவலர்கள் சீவிவிடுகிறார்கள்.

பாதரசக் கண், தானாக இயங்கும் காவலன், தொட்டால் தலை போகும் சொத்துரிமை என்று எல்லாப் பொருத்தமும் இருந்தும் பழைய கதைக்காரர்கள் ஒரு பெரிய தவறு செய்துவிட்டார்கள். அரசி செத்தவள் என்று ஒப்புக்கொண்டார்கள். படிக்கிறவனை நின்று தன் சாவை யோசிக்கவும் வைத்தார்கள். இப்படி எழுதினால் இரண்டாம் பாகம் எப்படி வரும்?

தமிழ்க்காரர்களுக்கு இந்த வியாபாரம் பிடிபடவே இல்லை. சுஜாதாவை எடுத்துக்கொள்ளுங்கள். எண்பதுகளில் ஆனந்த விகடனில் ‘என் இனிய இயந்திரா’ எழுதினார். இருபத்தோராம் நூற்றாண்டு இந்தியா, ஜீவா என்ற சர்வாதிகாரி, நிலா என்ற பெண், பேசவும் படிக்கவும் தெரிந்த ஜீனோ என்ற இயந்திர நாய். தூர்தர்ஷனில் தொடராகவும் வந்து, ஜீனோ வீட்டு நாயைவிடப் பிரபலமாயிற்று. மனிதர் என்ன செய்தார்? ‘மீண்டும் ஜீனோ’ என்று ஒன்றே ஒன்று எழுதிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டார். 2008இல் அவர் மறைந்தபோது ஜீனோவுக்குப் பேரன் பேத்தி கிடையாது, இணை உலகத்து வில்லன் ஜீனோ கிடையாது. அந்த நாய் பேசிய வசனங்கள் மட்டும் படித்தவர்கள் வாயில் இருக்கின்றன. அதை வைத்து என்ன பட்ஜெட் போட முடியும்?

கல்கி இன்னும் மோசம். ஐந்து பாகம் பொன்னியின் செல்வனை எழுதி, வந்தியத்தேவனை உயிரோடு விட்டுவிட்டு, கதையை முடித்துவிட்டேன் என்று 1954இல் சொல்லிக்கொண்டார். அதே ஆண்டு டிசம்பரில் அவரும் போய்ச் சேர்ந்தார். நல்லவேளையாக விக்கிரமன் போன்றவர்கள் ‘நந்திபுரத்து நாயகி’ எழுதி விட்ட இடத்திலிருந்து தொட்டார்கள். ஆனாலும் பாருங்கள், அவர்களும் தங்கள் கதையைத் தங்கள் பெயரில், தாங்களே எழுதினார்கள். வந்தியத்தேவனாக மேடையில் நடித்த ஒருவரை அழைத்து அவர் பெயரைப் பெரிதாகப் போட வேண்டும் என்று ஒரு பதிப்பாளருக்கும் தோன்றவில்லை. 1999இல் அரசாங்கம் கல்கியின் எழுத்துகளை நாட்டுடைமை வேறு ஆக்கிவிட்டது. யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்றால் முத்திரை குத்துவதற்கு ஆள் ஏது, அனுமதித்துவிட்டு நம்பாமல் இருப்பதற்குத்தான் ஆள் ஏது?

ஷாட்னருக்கு இந்தச் சங்கடங்கள் எதுவும் இல்லை. ஒரு நாவலில் கர்க்கும் பிக்கார்டும் விடுமுறைக்குப் போன இடத்தில் கடலடி அகழாய்வில் மாட்டிக்கொள்கிறார்கள். முத்துக் குளித்த கரையில் இருந்துகொண்டு படித்தபோது, தண்ணீருக்கடியில்கூட இவரால் தன்னைப் பற்றி இவ்வளவு நேரம் யோசிக்க முடிகிறதே, மூச்சு எங்கிருந்து வருகிறது என்று வியந்தேன். எங்கள் கரையில் குளிக்க இறங்கியவர்கள் ஒரு நிமிஷத்துக்குமேல் தம் பிடித்தாலே பெரிது. மேலே கயிற்றைப் பிடித்திருப்பவன் இழுத்துவிடுவான்.

அவருடைய 90ஆவது வயதில், 2021 அக்டோபரில், நிஜ ராக்கெட்டிலேயே ஏறி விண்வெளி விளிம்பைத் தொட்டுவிட்டுச் சில நிமிஷங்களில் இறங்கினார். இறங்கியவர் கண் கலங்கிப் பேசினார். பிறகு, அங்கே பார்த்த இருட்டு தன்னைத் துக்கத்தில் ஆழ்த்தியதாக எழுதவும் செய்தார். நடிகராக இல்லாமல், கேப்டனாக இல்லாமல், சாகப்போகும் ஒரு கிழவராக அவர் பேசியது அதுதான். அந்தக் கொஞ்ச நேரப் பேச்சில் பத்து நாவலிலும் இல்லாத என்னமோ ஒன்று இருந்தது. பதிப்பாளர்கள் பதற வேண்டியதில்லை. அது நாவலுக்குள் கசிய வாய்ப்பே இல்லை. கடைசி கர்க் நாவல் அதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பே அச்சாகிவிட்டது.

அந்தப் பத்தாவது நாவலைப் பற்றிச் சொல்லி வாழ்த்தை முடிக்கிறேன். செத்தபிறகு வாழ வைத்தாயிற்று, மறுபடி சாகடித்தாயிற்று, மறுபடி எழுப்பியாயிற்று, கல்யாணமும் ஆயிற்று, தன்னோடு தானே சண்டையும் போட்டாயிற்று. இனி முன்னால் போக வழியில்லை என்ற நிலையில் 76 வயது ஆசிரியர் தயங்காமல் வண்டியைப் பின்னோக்கித் திருப்பினார். 2007இல் வந்த ‘அகாடமி’யில் கர்க்குக்குப் பதினேழு வயது.